கடதாசிக் குருவியும் கைப்பிள்ளையும்

(தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடைபெற்ற தாய் தகப்பன்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மலைக்குப் போகாத நாள் என்றாலும் இது உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். துணி துவைக்கணும், விறகு தேடணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில், "அடுத்த மாசம் கடதாசியில குருவி செய்து கட்டிக் காட்டப் போறோம்" என்று நாங்கள் அறிவித்தபோது பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு அண்ணன் எழும்பி, "ஐயா, வீட்டைப் பத்தி, தண்ணியைப் பத்திப் பேசுவீங்கன்னு பார்த்தா குருவி செய்யச் சொல்றீங்களே" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், பேசிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் குருவியைப் பற்றி ஏன் பேச வந்தோம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

எதற்காகக் குருவி?

சில வருசங்களுக்கு முன்னர் நாங்கள் வேறொரு தோட்டத்தில் கடமை செய்தோம். அங்கே மேற்கணக்கில் ஒரு வீடு. பிரசவ லீவு முடிந்து தாய் மறுபடியும் மலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டது பாட்டிதான். பிள்ளைக்கு மூன்று மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் இரண்டு தடவை போயிருந்தோம். தராசில் பிள்ளையை நிறுத்தோம். நிறை சரியாக இருந்தது. அட்டையில் புள்ளி போட்டோம். "பிள்ளை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அந்த வீட்டு மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூட லீவில் எங்களிடம் கடதாசிக் குருவி செய்யப் பழகியது. செய்ததைக் கொண்டுபோய் தம்பிக்கு மேலே கட்டிவிட்டது. ஒரு கிழமை போனது. அந்தப் பாட்டி எங்களைத் தேடி வந்து சொன்னார்: "ஐயா, பிள்ளை சத்தம் கேட்டா திரும்புது. என் குரலைக் கேட்டா சிரிக்குது. ஆனா குருவியை ஆட்டினா பார்க்க மாட்டேங்குது. அக்காக்காரி இவ்வளவு ஆசையா கட்டியிருக்கா, இவன் ஒரு தடவைகூட அதைப் பார்க்கல."

லயத்தில் மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். "சின்னப் பிள்ளைதானே, போகப் போக சரியாகிடும்" என்று ஒருவர். "கண்ணுல பூ விழுந்திருக்கு, பச்சிலைச் சாறு ஊத்து" என்று இன்னொருவர். பாட்டி இரண்டையும் கேட்கவில்லை. அடுத்த கிளினிக்கு வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. மிட்வைப்பிடம் தூக்கிக்கொண்டு போனார். மிட்வைப் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணிக்குள் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை தெரிந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறவியிலேயே வந்த கண்புரை. இரண்டு கண்ணிலும்.

கண்புரை கிழவன் கிழவிக்குத்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறக்கும்போதே கண்புரையோடு பிறக்கிற பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஆப்பரேசன் நடந்தது. இன்றைக்குத் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு முன்பள்ளிக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகளைப் போல எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் தானாக நடக்கிறான், படம் பார்க்கிறான், அக்காவின் முகம் தெரிகிறது. டாக்டர் சொன்னது இதுதான்: "இன்னும் ஒரு மாசம் முந்தி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். ஒரு வருசம் பிந்தியிருந்தா, நான் புரையை எடுத்தாலும் பார்வை அவ்வளவாக வந்திருக்காது."

அதற்குக் காரணமும் சொன்னார். பார்க்கிறது கண் மட்டுமில்லை, மூளையும் சேர்ந்துதான். பிறந்த முதல் மாசங்களில் கண் வழியாக வெளிச்சமும் உருவமும் உள்ளே போனால்தான் மூளை பார்க்கப் பழகும். அந்தக் காலத்தில் கதவு பூட்டிக் கிடந்தால், பிறகு கதவைத் திறந்தாலும் மூளைக்குப் பார்க்கத் தெரியாது.

அன்று ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போனோமே, தராசு முள்ளைப் பார்த்தோமே, பிள்ளையின் கண்ணைப் பார்த்தோமா? இல்லை. உத்தியோகத்தராகிய நாங்கள் பார்க்காததை ஒரு கடதாசிக் குருவியை வைத்து ஒரு பாட்டி பார்த்திருக்கிறார்.

ஆகவேதான் அண்ணன்மாரே, குருவியைப் பற்றிப் பேச வந்தோம். பிள்ளை குருவியைப் பார்க்கட்டும். நாம் பிள்ளையைப் பார்ப்போம். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் அதைச் செய்கிற விதம்.

பிள்ளைக்கு என்ன தெரியும்?

பிறந்த பிள்ளைக்குக் கண் தெரியாது என்று சிலர் சொல்லுவாங்க. அது சரியில்லை. தெரியும், ஆனால் தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாது. 8 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை உள்ளதுதான் அதற்கு நன்றாகத் தெரியும். அது எவ்வளவு தூரம் தெரியுமா? தாய் மடியில் வைத்துப் பால் கொடுக்கும்போது தாயின் முகத்துக்கும் பிள்ளையின் முகத்துக்கும் இடையில் உள்ள தூரம். ஆகையால் பிள்ளைக்கு முதல் விளையாட்டுச் சாமான் தாயின் முகம்தான். அதற்கு அப்புறம்தான் குருவி.

நிறத்திலும் அப்படித்தான். இளம் மஞ்சள், இளநீலம் என்று நமக்குப் பிடித்த மெல்லிய நிறங்கள் சின்னப் பிள்ளைக்கு எடுபடாது. கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உடனே பிடிபடும். நிறங்களைப் பிரித்துப் பார்க்கிற திறன் மூன்று நான்கு மாசத்தில் நன்றாக வந்துவிடும். இரண்டு மூன்று மாசத்தில் அசைகிற பொருளைக் கண்ணால் பின்தொடரப் பழகும். நான்கு ஐந்து மாசத்தில் கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்கும். இந்த வரிசையை ஞாபகத்தில் வையுங்கள். குருவியை எப்போது கட்டுவது, எப்போது உயர்த்துவது, எப்போது கழற்றுவது எல்லாம் இதை வைத்துத்தான்.

இப்போது நமது காம்பராவை யோசித்துப் பாருங்க. பழைய லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரெல்லாம் புகை. பிள்ளையை ஏணைக்குள் போட்டால் இரண்டு பக்கமும் சேலை மூடிக்கொள்ளும். நல்லாத் தூங்கும், அதில் குற்றமில்லை. ஆனால் முழித்த பிறகும் ஏணைக்குள்ளேயே கிடந்தால் பிள்ளை காண்பது சேலைத் துணியைத்தான். முழித்திருக்கிற நேரத்தில் கொஞ்ச நேரம் பாயில் போடுங்கள். மேலே பார்க்க ஒன்று இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

தேவையான சாமான்கள்

காசு கொடுத்து வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. பழைய கலண்டர் தாள் ஒன்று. (சாமி படம் உள்ள தாளை வெட்ட மனம் வராது, அதை விட்டுவிடுங்கள். தேதி உள்ள தாளே போதும்.) எழுதாத கொப்பித் தாள் நான்கு. கவ்வாத்து மலையிலிருந்து வந்த மிலாறில் பென்சில் தடிப்பில் நேரான குச்சி இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு அடி. பருத்தித் தையல் நூல். ஒரு ஊசி, கத்தரிக்கோல், கறுப்பு மார்க்கர் பேனை. கொஞ்சம் கோதுமை மா, தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசை.

மிலாறைப் பட்டை உரித்து, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். செடிக்கு அடித்த மருந்து அதில் இருக்கலாம். நுனிகளைச் சிமெந்துத் தரையில் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

பாவிக்கக் கூடாதவையும் உண்டு. தங்கூசி வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாது, அறுபடாது, சதையை வெட்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, மணி, பொத்தான் ஒன்றும் வேண்டாம். கழன்று விழுந்தால் பிள்ளையின் வாய்க்குள் போகும். வெசாக் கூடு கட்டுகிற டிசு தாளும் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் வடியும். செய்தித்தாளில் மை கையில் ஒட்டும், அதையும் விட்டுவிடுங்கள்.

செய்யும் முறை

முதலில் உடம்பு. கலண்டர் தாளை இரண்டாக மடித்துப் பசை தடவி ஒட்டினால் மட்டை போல விறைப்பாக இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு அதில் மாங்காய் வடிவத்தில் ஒரு படம் கீறுங்கள். நீளம் 5 அங்குலம், உயரம் 2 அங்குலம். ஒரு முனையில் சின்ன மூக்கு, மறு முனையில் வால். படம் கீறத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். மாங்காய்க்கு மூக்கு வைத்தால் குருவிதான். ஒன்றை வெட்டி, அதையே அளவாக வைத்து நான்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறகு. கொப்பித் தாளை 7 அங்குல நீளம், 5 அங்குல அகலத்துக்கு வெட்டுங்கள். நீளப் பக்கமாக அரை அங்குல மடிப்பாக, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விசிறி மடிப்பது போல மடியுங்கள். பத்து மடிப்பு வரும. பிறகு விரித்து, ஒரு மடிப்பு விட்டு ஒரு மடிப்புக்கு மார்க்கரால் கறுப்பு அடியுங்கள். இரண்டு பக்கத்திலும் அடிக்க வேண்டும். மை நன்றாகக் காயட்டும். மறுபடியும் மடித்தால் ஏழு அங்குல நீளத்தில் ஒரு பட்டி போல இருக்கும்.

இப்போது உடம்பின் நடுவில் ஒரு கீறல் வெட்ட வேண்டும். இதில்தான் அநேகமான ஆட்கள் பிழை விடுவார்கள், நாங்களும் விட்டோம். கீறல் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். முக்கால் அங்குலம் போதும். மடித்த பட்டியை அதற்குள் பாதி வரை நுழைத்து, இரண்டு பக்கமும் விசிறி போல விரித்துவிடுங்கள். சிறகு தட்டையாக விரியும். கீறலைப் படுக்கையாக வெட்டினால் சிறகு மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கும். நின்று பார்க்கிற நமக்கு அது வடிவாகத்தான் இருக்கும். பாயில் கிடக்கிற பிள்ளைக்குச் சிறகின் ஓரம் மட்டுமே தெரியும்.

கடைகளில் விற்கிற தொங்கல்களிலும் இந்தக் குறை உண்டு. வாங்குகிற பெரிய ஆட்கள் பக்கவாட்டில் பார்த்து ஆசைப்படத்தான் அவை செய்யப்படுகின்றன. கீழே கிடந்து பார்க்கிறது யார்? ஆகையால் கட்டி முடித்ததும் வெட்கப்படாமல் நீங்களே பாயில் மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். உங்களுக்குக் குருவி தெரிந்தால் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாவது நூல் கட்டுவது. குருவியின் முதுகை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துத் தூக்குங்கள். எந்த இடத்தில் பிடித்தால் மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதோ அந்த இடத்தில் ஊசியால் துளை போடுங்கள். துளைக்கு இரண்டு பக்கமும் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டினால் கிழியாது. நூலைக் கோர்த்து இரண்டு முடிச்சுப் போடுங்கள். குருவி தொங்குகிற நூல் 4 அங்குலம் முதல் 7 அங்குலத்துக்குள் இருக்கட்டும். நான்கும் ஒரே நீளமாக இருந்தால் ஒன்றோடு ஒன்று முட்டும், ஆகவே கொஞ்சம் கூட்டிக் குறைத்து வையுங்கள்.

கடைசியில் குச்சி. இரண்டையும் சிலுவை போல வைத்து நடுவில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நான்கு முனைக்கும் ஒவ்வொரு குருவி. நடுவில் நூலை நான்கு மடங்காக எடுத்துக் கட்டித் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சரியும். சரிகிற பக்கத்துக் குருவியை நடுப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், அல்லது எதிர்ப்பக்கத்துக் குருவியை வெளியே தள்ளுங்கள். மட்டத் தராசில் படியை மாற்றி மாற்றி வைக்கிற வேலைதான். சமமாக நின்றதும் முடிச்சின் மேலே ஒரு துளி பசை வையுங்கள்.

இதைத் தாய் ஒருவரே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றில்லை. குச்சி சீவுகிற வேலை தகப்பனுக்கு. சிறகு மடிக்கிற வேலை அண்ணன், அக்காமாருக்கு. தம்பிக்குச் செய்கிறோம் என்று அவர்களுக்கும் ஒரு சந்தோசம்.

எங்கே கட்டுவது, எவ்வளவு உயரத்தில்?

இதற்கு இங்கிலீஷில் மொபைல் என்றுதான் பெயர். ஆனால் இந்தக் காலத்தில் மொபைல் என்று சொன்னால் எல்லோரும் சட்டைப் பையில் கை வைப்பாங்க. ஆகவே நாம் குருவித் தொங்கல் என்றே சொல்லுவோம்.

கூரைச் சலாகையில் உறுதியாகக் கட்டுங்கள். கரண்ட் வயரிலோ பல்ப் ஹோல்டரிலோ கட்டவே கூடாது. அடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் கிட்டவும் வேண்டாம், காய்ந்த கடதாசி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஏணைக்கு மேலே கட்ட வேண்டாம், ஏணை ஆடும்போது நூல் சிக்கும். காலை நேரத்தில் இஸ்தோப்பில் நல்ல வெளிச்சம் இருக்கும், பனி இல்லாத நாளில் அங்கே பாய் விரிக்கலாம். வாசல் பக்கத்து மெல்லிய காற்றுக்குக் குருவிகள் தானாகவே சுற்றும்.

முகத்துக்கு நேர் மேலே கட்டாமல் நெஞ்சுக்கு நேராகக் கட்டுங்கள். தப்பித் தவறி விழுந்தாலும் கண்ணில் படாது. முதல் இரண்டு மாசம், கையை எறிந்து தட்டாத காலத்தில், பிள்ளைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் இருக்கலாம். இன்னும் கிட்டக் காட்ட வேண்டுமானால் ஒரு குருவியை உங்கள் கையிலேயே பிடித்து ஒரு அடி தூரத்தில் காட்டுங்கள். கையை வீசத் தொடங்கியதும், ஏறக்குறைய மூன்று மாசத்தில், கைக்கு எட்டாத உயரத்துக்கு, இரண்டரை மூன்று அடிக்கு, உயர்த்திவிட வேண்டும். ஐந்து மாசம் ஆனதும், அல்லது அதற்கு முன்னரே பிள்ளை கையை ஊன்றி எழும்பப் பார்த்தால், அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

எங்கள் கையால் நடந்த பிழை

இந்தக் கடைசி விசயத்தை நாங்கள் புத்தகத்தைப் படித்துச் சொல்லவில்லை. நாங்கள் முதல் முதலாகக் கட்டிய தொங்கல் ஒரு பிள்ளைக் காம்பராவில். பெருமையாகக் கட்டினோம், வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினோம். கழற்ற மறந்துவிட்டோம். அந்த இடத்தில் கிடந்த பிள்ளைக்கு ஆறு மாசம். ஒரு நாள் எட்டி இழுத்துவிட்டது. குச்சி புருவத்தில் கீறியது, நூல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. ஆயா பக்கத்தில் இருந்தபடியால் உடனே எடுத்துவிட்டார். கீறல் இரண்டு நாளில் ஆறியது. ஆனால் அந்த நூல் மணிக்கட்டில் சுற்றாமல் கழுத்தில் சுற்றியிருந்தால்? புருவத்தில் பட்டது அரை அங்குலம் கீழே பட்டிருந்தால்? அந்தத் தாயிடம் போய் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் வேதனையாக இருந்தது.

ஆகையால் மூன்று கட்டுப்பாடு. ஒன்று, பெரிய ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிள்ளையைத் தொங்கலுக்குக் கீழே விட வேண்டாம். இரண்டு, பிள்ளை தூங்கும்போது தொங்கல் மேலே இருக்கக் கூடாது. கொக்கி ஒன்று போட்டுக்கொண்டால் கழற்றி மாட்டுவது இலேசு. மூன்று, கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொரு குருவியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். புகைக் கரி படிந்திருந்தால் புதிதாகச் செய்யுங்கள். கரி பிள்ளையின் கண்ணில்தான் விழும்.

குருவிக்குக் கீழே என்ன செய்வது?

பால் குடித்து, முழித்து, சந்தோசமாக இருக்கிற நேரத்தில் பத்து நிமிசம் போதும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் "எனக்குப் போதும்" என்று சொல்கிறது. எடுத்துவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிசத்தில் பேசுங்கள். "இது மைனா, இது கிளி, இது கொண்டைக்குருவி, பாரு பாரு பறக்குது" என்று என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். "ஊ", "ஆ" என்று பிள்ளை பதில் சொல்லும். அதற்கு நீங்கள் திரும்பப் பதில் சொல்லுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. குருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் பதில் பேசாது.

போனும் அப்படித்தான். பாட்டுப் போட்டு, படம் போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தால் அழுகை நிற்கும், உண்மை. ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரை காட்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. போன் பிள்ளையைப் பார்க்காது. பிள்ளை சிரித்தால் அது திரும்பச் சிரிக்காது.

இந்த நேரத்தில் பிள்ளையைக் கவனியுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஒன்றரை, இரண்டு மாசத்தில் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதா? மூன்று மாசத்தில், குருவியைச் சத்தமில்லாமல் மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோனால் கண் கூடவே போகிறதா? சத்தம் வராமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காது செய்கிற வேலையைக் கண் செய்ததாக நினைத்துவிடுவோம். பக்கத்தில் கை தட்டினால் திடுக்கிடுகிறதா? கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிகிறதா? போட்டோ எடுத்தால் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளபளக்கிறதா? மூன்று நான்கு மாசத்துக்குப் பிறகும் கண் ஒன்று ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு நிற்கிறதா?

ஒரு நாள் பார்க்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். தூக்கமாக இருக்கலாம், பசியாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் வேறு வேறு நேரத்தில் பாருங்கள். அப்போதும் பார்க்கவில்லை என்றால் மிட்வைப்பிடம் சொல்லுங்கள். கண்ணுக்குள் வெள்ளை தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது கண்புரையாகவும் இருக்கலாம், அதைவிடக் கடுமையான கண் வியாதியாகவும் இருக்கலாம். பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஒன்றும் கண்ணில் ஊற்றக் கூடாது.

வேலைக்குப் போகிற தாய் எப்போது இதையெல்லாம் செய்வது என்று கேட்பீர்கள். எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் பிரசவ லீவு உங்களுக்கு உண்டு, 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஆக்கியது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகிற உரிமையும் உண்டு. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒரு தடவைக்கு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல். அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கிறது இல்லை, சட்டம். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பால் கொடுத்தால் அதுவே போதும். மிச்ச நேரத்துக்குப் பாட்டி இருக்கிறார், ஆயா இருக்கிறார். பின்னேரம் வேலை விட்டு வந்த தகப்பன் பத்து நிமிசம் பாயில் உட்காரலாம். தகப்பன் குரலும் பிள்ளைக்குப் பழக வேண்டும்.

கழற்றிய குருவிகளை எறிய வேண்டாம். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு வயதில் "குருவி எங்கே?" என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டும். அன்றைக்கு உங்கள் வீட்டில் எல்லோரும் கை தட்டுவீர்கள்.

போன கூட்டத்தில் கேள்வி கேட்ட அண்ணன் இன்றைக்கும் வந்திருக்கிறார், முன் வரிசையில் இருக்கிறார். அவர் மடியிலும் ஒரு பேரப்பிள்ளை இருக்கிறது. அவருக்கு எங்கள் பதில் இதுதான். வீடு கிடைக்க வருசங்கள் போகலாம், அதற்கு எல்லோரும் சேர்ந்து கேட்போம், விடக் கூடாது. ஆனால் பிள்ளையின் கண் வீடு வரும்வரை காத்திருக்காது. அது இன்றைக்கே பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறது.

இப்போது மேசையில் கடதாசியும் குச்சியும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொங்கலைச் செய்து கையில் கொண்டு போவோம். அண்ணன், முதல் குச்சியை நீங்கள் சீவித் தாருங்கள்.